மூன்று விரற்கடை இறக்கம்

1

நெதர்லாந்தில் பன்னிரண்டரை ஆண்டு என்பது ஒரு கணக்கு. இருபத்தைந்தில் சரிபாதி. ஒரே அலுவலகத்தில் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்தவருக்கு ஒரு மதியம் கேக் வெட்டிக் காபி கொடுப்பார்கள். போன மாதம் எனக்குக் கொடுத்தார்கள். ராட்டர்டாமில் எங்கள் அலுவலக கேண்டீனில் முப்பது பேர் தட்டோடு நின்றார்கள். என் மேலாளர் ஹெங்க் இரண்டு நிமிடம் பேசினார்.

"இவர் ஒரே ஒரு சொல்லை வைத்து இந்தியாவில் ஒரு பெரிய டேங்க்கை ஃபெயில் ஆக்கியவர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஹெங்க் சொன்னது உண்மைதான், ஆனால் கதையில் கால்வாசிதான். மீதியை நான் அங்கே சொல்லவில்லை. டச்சு மொழியில் அவ்வளவு நீளமாகச் சொல்ல எனக்கு இன்னும் வராது. தமிழில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2

காரைக்கால் பக்கம் எங்கள் ஊர் நெடுங்காட்டில் யாராவது என்னைப் பற்றி விசாரித்தால் அக்கா, "தம்பி எண்ணெய்க் கம்பெனியில இருக்கான்" என்று சொல்லிவிடுவாள். எண்ணெய்க்கும் எனக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. எண்ணெய் சேமிக்கும் டேங்க்குகளோடு பைப்புகளை இணைக்கும் இடம் தாங்குமா தாங்காதா என்று கணக்குப் போடுவது என் வேலை.

வீட்டு மாடியில் இருக்கும் தொட்டியை மனதில் வைத்தால் இது விளங்காது. நான் சொல்லும் டேங்க் இரண்டு மா வயலை வளைத்துக்கொண்டு ஐந்து மாடி உயரத்துக்கு நிற்கும். சுவர் இரும்புத் தகடு. டேங்க் நிரம்பும்போது அந்தச் சுவர் வெளிப்பக்கம் உப்பும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உப்பும். அடியில் மட்டும் உப்ப முடியாது, தரைத் தகடு பிடித்து வைத்திருக்கும். அதனால் அடிக்குச் சற்று மேலே சுவர் வெளியே சாயும். பைப் சேர்வதற்காகச் சுவரில் வைத்த குழாய்வாய் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கும். அதை நாங்கள் நாசில் என்போம். சுவர் சாயும்போது நாசில் வெளியே தள்ளிக்கொண்டு முகத்தைக் கீழே கவிழ்க்கும்.

அதோடு இறுக்கிப் பூட்டிய பைப் அசைய மறுத்தால் அது நாசிலைத் திருப்பித் தள்ளும், முறுக்கும். எவ்வளவு தள்ளலாம், எவ்வளவு முறுக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பைக் கட்டம் போட்ட தாளில் கோடாக வரைவோம். பைப் தரும் சுமையை அதே தாளில் புள்ளியாக வைப்போம். புள்ளி கோட்டுக்குள் விழுந்தால் கையெழுத்துப் போடலாம். வெளியே விழுந்தால் போடக் கூடாது. தாண்டினால் சுவரும் நாசிலும் சேரும் வெல்டிங்கில் விரிசல் விடும். விரிசலுக்கு அந்தப் பக்கம் ஒரு குளத்தளவு எண்ணெய் இருக்கும்.

நான் போடும் கையெழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்படி ஒன்று எங்களுக்குக் கிடையாது என்றேன். கவுண்டரில் இருந்த அம்மாள் என் பாஸ்போர்ட்டைப் புரட்டி, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் பதிந்துகொண்டார். மூன்று முறை விண்ணப்பம் கொடுத்தும் மாறவில்லை. அன்றிலிருந்து அலுவலகத்தில் நான் நடராஜன். என் மகள் கயலும் பள்ளிக்கூடத்தில் நடராஜன். வாழ்நாளில் காரைக்காலைத் தாண்டி நாலைந்து முறை மட்டுமே போன என் அப்பாவின் பெயர் பல நாட்டு டேங்க்குகளின் கணக்குத் தாள்களில் இருக்கிறது.

3

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வேலை வந்தது. காரைக்கால் பக்கத்துக் கடற்கரையை ஒட்டிப் புதிதாகக் கட்டும் டேங்க்குகள். கட்டுவது அங்கே ஒரு ஒப்பந்தக்காரர். கணக்கைச் சரிபார்ப்பது நாங்கள். ஹெங்க் கோப்பை என் மேஜையில் வைத்து, "உன் ஊர்ப் பக்கம்தானே?" என்றார்.

மண் பரிசோதனை அறிக்கையை முதலில் எடுத்தேன். சாம்பல் நிறக் களிமண், கீழே மணல், மறுபடி களிமண். டேங்க்கில் முதல் தடவை தண்ணீர் ஏற்றிச் சோதிக்கும்போது அது எவ்வளவு கீழே இறங்கும் என்பதற்கு இரண்டு மதிப்புகள் கொடுத்திருந்தார்கள். குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் அதைப்போல இரு மடங்குக்கு மேல்.

நெடுங்காட்டில் எங்கள் வயலோரம் அப்பா ஒரு மோட்டார் கொட்டகை கட்டினார். மூன்றாவது வருடம் அதன் கதவு திறக்கவில்லை. கொட்டகை இறங்கி நிலைச்சட்டம் கோணிவிட்டது. அப்பா கதவின் அடியை இழைத்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து மறுபடி இழைத்தார். அதை வைத்து ஒரு டேங்க்குக்குக் கணக்குப் போட முடியாது. ஆனால் அறிக்கையில் இருந்த பெரிய மதிப்பைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை.

அந்தக் கட்டுமானத்தில் பைப் வேலைக்கு சூப்பர்வைசராக இருந்தவர் என் அக்கா செல்வியின் கணவர் ராமலிங்கம் அத்தான். பதினோரு வருடம் ஓமனில் இருந்துவிட்டு வந்தவர். ஊரில் இருந்தபடியே போய்வரும் வேலை அவருக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. காலையில் நெடுங்காட்டிலிருந்து வண்டியை எடுத்தால் சாயங்காலம் வீட்டில் இருப்பார். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் இப்போதுதான் அவர் வீட்டில் இருந்து பார்க்கிறேன் என்று அக்கா போனில் சொல்லியிருந்தாள். நான் பார்க்கும் கோப்பும் அவர் வேலை செய்யும் இடமும் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அலுவலக விஷயம் வீட்டில் பேசக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

4

கட்டுமான இடத்திலிருந்து படங்கள் வந்தன. முதல் டேங்க் முடிந்துவிட்டது, பைப்பும் பூட்டியாகிவிட்டது, அடுத்த வாரம் தண்ணீர்ச் சோதனை என்று குறிப்பு.

ஒரு படத்தில் நாசிலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, பைப்புக்கு அடியில் ஒரு கான்கிரீட் தூண் நின்றது. வரைபடத்தில் அந்தத் தாங்குதூண் நான்கு மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். டேங்க் இறங்கும்போது நாசிலும் கூடவே இறங்கும். தூண் இறங்காது. பைப் தூணில் உட்கார்ந்துகொண்டு நாசிலை மேலே நெம்பும்.

தூணுக்குப் பக்கத்தில் ஹெல்மெட் போட்ட ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு டேப் பிடித்திருந்தார். சட்டைக் காலருக்குள் கைக்குட்டையை மடித்துச் செருகியிருந்தார். அத்தான் என்று உடனே தெரிந்துவிட்டது.

கணக்கைப் போட்டேன். புள்ளி கோட்டுக்கு வெகுதூரம் வெளியே விழுந்தது. ஹெங்க் வந்து திரையைப் பார்த்தார்.

"எங்காவது கொஞ்சம் தளர்த்த முடியுமா?" என்றார். அதில் தப்பு ஒன்றுமில்லை. எப்போதும் கேட்கும் கேள்விதான். சுவரின் நெகிழ்வை இன்னும் துல்லியமாக எடுத்துப் போட்டுப் பார்த்தேன். புள்ளி நகர்ந்தது, உள்ளே வரவில்லை. பிறகு மண் அறிக்கையின் சின்ன மதிப்பை வைத்துப் போட்டேன். புள்ளி கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தது.

அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன மதிப்பும் அறிக்கையில் இருப்பதுதான். அதை எடுத்துக் கையெழுத்துப் போட்டால் யாரும் என்னைக் கேட்க முடியாது. அத்தானுக்கும் தொல்லையில்லை. தண்ணீர் ஏறும்போது டேங்க்கைச் சுற்றி நின்று கசிவு பார்ப்பவர்களில் அவரும் இருப்பார் என்பதும் நினைவுக்கு வந்தது. அந்தத் தாளை மூடிவிட்டேன்.

பைப்பைக் கழற்றிவிட்டுச் சோதனை செய்ய வேண்டும், டேங்க் இறங்கி முடித்த பிறகே பூட்ட வேண்டும், தூணை மாற்ற வேண்டும் என்று எழுதினேன். மதியக் கூட்டத்தில் அதைச் சொல்லும்போதுதான் அந்தச் சொல் வந்தது. "சோதனையில் இந்த டேங்க் இறங்கும்" என்று டச்சு மொழியில் சொல்வதாக நினைத்து, 'ஸாக்கன்' என்றேன். கூட்டத்தில் இருந்த திட்ட மேலாளர் முகம் வெளுத்தது. அரைமணி நேரத்தில் அவர் இந்தியாவுக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். டேங்க் சோதனையில் ஃபெயில் ஆகும் என்று எங்கள் பொறியாளர் நடராஜன் சொல்கிறார் என்று.

வீட்டுக்கு வந்து கயலிடம் கேட்டேன். அவளுக்குப் பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் பதில் சொல்வாள். அப்படியேதான் எங்கள் பேச்சு ஓடுகிறது. அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே விளக்கினாள். ஸாக்கன் என்றால் கீழே போவது. ஆனால் சோதனை, பரீட்சை என்று பக்கத்தில் வந்துவிட்டால் ஃபெயில் ஆவது. வீடு மண்ணில் இறங்குவதைச் சொல்ல ஃபெர்ஸாக்கன் என்ற வேறு சொல் இருக்கிறது.

"முன்னாடி ஒரு ஃபெர் போடணும், அப்பா" என்றாள். அந்த 'அப்பா' மட்டும் தமிழ். "இது தெரியாமலா இங்கே வேலை பார்க்கிறீர்கள்?" என்பதை டச்சில் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

5

மறுநாள் அந்தச் சொல்லைத் திருத்தி விளக்கக் கடிதம் போவதற்குள் மின்னஞ்சல் அங்கே வேலையைக் காட்டிவிட்டது. மதிய இடைவேளையில் அத்தான் கூப்பிட்டார். ஊரில் பிற்பகல் மூன்றரை மணி.

"மாப்ளே, வேலையில இருக்கியா?"

"இல்ல அத்தான், சொல்லுங்க."

"இங்க ஒரு லெட்டர் வந்திருக்கு. டேங்க் ஃபெயில் ஆயிடும்னு போட்டிருக்காங்க. அதுல மாமா பேரு இருக்கு. நடராஜன்னு. மொதல்ல வேற யாரோன்னு நெனச்சேன்."

"நாந்தான் அத்தான். ஃபெயில்னு நான் சொல்லல. எறங்கும்னு சொன்னேன். அது அப்படி மாறிப்போச்சு."

போனில் அவருக்குப் பின்னால் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது.

"தூணப் பத்திதான் எழுதியிருக்கியா?"

"ஆமா. ஏன் அத்தான் அங்க வச்சீங்க? டிராயிங்ல நாலு மீட்டர் தள்ளில்ல இருக்கு?"

"நாலு மீட்டர்ல வடிகால் வந்துடுச்சு. எங்க இன்ஜினியரு இந்தப் பக்கம் தள்ளி வையுங்கன்னாரு. எழுதிக் குடுங்கன்னு கேட்டேன். அப்புறம் தர்றேன்னாரு. இன்னிக்கு அவரு நான் சொல்லவே இல்லைங்குறாரு."

இந்தக் கோப்பு என்னிடம் இருப்பதை முன்பே சொல்லியிருந்தால் அவர் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி வைத்திருப்பார்.

"சரி, அது என் தலைவலி" என்றார் அவர். "நெசமாவே எறங்குமா?"

"எறங்கும் அத்தான். எவ்வளவுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா பைப்ப மாட்டி வச்சுக்கிட்டு தண்ணி ஏத்தக் கூடாது."

"நாங்க திங்கக்கெழம தண்ணி விடுறோம். நீ எழுதுனது ஆபீஸுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு. கழட்டச் சொல்லி எனக்கு யாரும் ஆர்டர் தர மாட்டாங்க. தந்தா தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல?"

"அப்படின்னா அன்னிக்கு நீங்க அந்தப் பக்கம் நிக்காதீங்க."

"நான் நிக்கலைன்னா நம்ம பசங்க நிப்பானுங்க" என்றார். அதற்குப் பிறகு, "நாசில்ல மாட்டியிருக்குற வால்வுக்கு வெளிப்பக்கம் கழட்டுனா போதுமா?" என்று கேட்டார்.

போதும் என்றேன். வால்வின் வாயை ஒரு தகடு வைத்து அடைக்க வேண்டும், தூணின் தலையில் அடுக்கிய மெல்லிய தகடுகளை உருவிவிட வேண்டும், பைப்புக்குக் கீழே ஒரு கை இடைவெளி கிடைக்க வேண்டும் என்றேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார். ஓமனில் பழகியது. அங்கே காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லாமல் யாரும் வேலையைத் தொட மாட்டார்கள் என்பார்.

ஞாயிற்றுக்கிழமை வெல்டர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அவரே கழற்றிவிட்டார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. திங்கட்கிழமை அதைப் பார்த்தும் மறுபடி பூட்டச் சொல்ல யாரும் முன்வரவில்லை, அப்படியே தண்ணீர் விட்டார்கள்.

6

டேங்க் நிரம்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. கழற்றிய பைப்பின் வாயும் வால்வின் வாயும் எதிரெதிராக ஒரே மட்டத்தில் இருந்தன. இரண்டிலும் குறுக்கே சாக்பீஸால் அத்தான் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். தினமும் காலையில் வேலை தொடங்குமுன் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். குறிப்பு ஒன்றும் எழுத மாட்டார்.

முதல் மூன்று நாள் கோடு நேராக இருந்தது. இறங்காமல் போய்விட்டால் அவர் வீணாக மாட்டிக்கொள்வார். டேங்க் இறங்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ள வேண்டியவன் இறங்க வேண்டும் என்று காத்திருந்தேன். நான்காம் நாள் வால்வுப் பக்கத்துக் கோடு ஒரு நூல் கீழே இருந்தது. ஆறாம் நாள் ஒரு விரல். டேங்க் முழுக்க நிரம்பி இரண்டு நாள் நின்ற பிறகு அவர் கூப்பிட்டார்.

"மூணு வெரக்கட எறங்கியிருக்கு மாப்ளே. வாயும் குனிஞ்சு நிக்குது. பைப்பு மாட்டியிருந்தா பிச்சிருக்கும்."

மண் அறிக்கையின் பெரிய மதிப்புக்குக் கொஞ்சம் குறைவு. சின்ன மதிப்பைவிட ரொம்ப அதிகம்.

அந்த வாரமே அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அனுமதியில்லாமல் பைப்பைக் கழற்றியது குற்றம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதில் பொய் இல்லை. கழற்றியதால் டேங்க் தப்பியது என்று எங்கும் எழுதவில்லை.

அக்கா ஒரே ஒரு முறை கூப்பிட்டாள். "நீ கணக்கு சரியா போட்டுட்ட. அவரு வீட்டுல ஒக்காந்திருக்காரு" என்றாள். உடனே போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. கயல் கூப்பிட்டால் எடுப்பாள். கயலுக்குத் தெரிந்த தமிழ் சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு இருவரும் வீடியோவில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

7

இறுதி அறிக்கை எழுதும்போது, டேங்க் இறங்கிய அளவுகளை நாள்வாரியாக அட்டவணை போட்டு, அளந்தவர் ராமலிங்கம், பைப் சூப்பர்வைசர் என்று சேர்த்தேன். ஹெங்க் பேனாவால் அதைத் தட்டினார்.

"ஆள் பெயரெல்லாம் நாம் போடுவதில்லையே."

"இதில் போட வேண்டும்."

"ஏன், உனக்குத் தெரிந்தவரா?"

"என் அக்காவின் கணவர்."

ஹெங்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்" என்றார். உண்மைதான், சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் கோப்பு வேறு கைக்குப் போயிருக்கும். அவர் தாளை எடுத்துக்கொண்டு போனார். என்னை எச்சரித்து ஒரு கடிதம் வந்தது. அறிக்கையும் வெளியானது, பெயர் அப்படியே இருந்தது.

8

போன டிசம்பரில் ஊருக்குப் போனோம். அத்தான் இப்போது திருநள்ளாற்றில் விடுதிகளுக்குத் தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறார். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் ஏதாவது ஒரு விடுதியில் மோட்டாரோ குழாயோ மக்கர் பண்ணும், உடனே கூப்பிடுவார்கள் என்றார். சைட் வேலைக்கு வேறு இரண்டு இடங்களில் கேட்டிருக்கிறார். பழைய இடத்தில் ஏன் அனுப்பினார்கள் என்று கேட்டார்களாம். இவர் உள்ளதைச் சொன்னாராம்.

முதல் இரண்டு நாள் அக்கா என்னிடம் நேராகப் பேசவில்லை. "ஒங்கப்பாவ சாப்புட வரச் சொல்லு" என்று கயலிடம்தான் சொல்வாள். கயல் அதை டச்சில் மாற்றி எனக்குச் சொல்வாள். எனக்குத் தமிழ் தெரியும் என்பதையே அவள் மறந்துவிட்டாளோ என்று தோன்றும். மூன்றாம் நாள் அக்காவே சிரித்துவிட்டாள். "இவ வேற நடுவுல. வந்து தின்னுடா" என்றாள். அவ்வளவுதான். அந்த விஷயத்தை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அன்று பிற்பகல் அத்தான் வண்டியை எடுத்தார். "வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. கடற்கரைச் சாலையில் போய் அந்த இடத்தின் வாசலுக்கு எதிரே நிறுத்தினார். உள்ளே போக அவருக்கும் அனுமதிச்சீட்டு இல்லை, எனக்கும் இல்லை. மதில்சுவருக்கு மேல் டேங்க்கின் தலை மட்டும் தெரிந்தது. புதிதாக வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

காவலாளி வந்தார். "இங்க வண்டி நிறுத்தக் கூடாதுங்க. யாரப் பாக்கணும்?"

"யாரையும் இல்லைங்க. இதோ கெளம்பிடுறோம்" என்றார் அத்தான்.

வண்டியைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய் ஒரு வேலிக்கருவையின் நிழலில் நிறுத்தினோம்.

"தூணத் தள்ளி வச்சாங்களான்னு ஒரு தடவ பாக்கணும்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு அலுவலகத்தில் கடைசியாக வந்த படம் என் போனில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். வடிகாலுக்கு அந்தப் பக்கம் புதுத் தூண் நின்றது. வால்வும் பைப்பும் ஒரே மட்டத்தில் சேர்ந்திருந்தன. அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இத எனக்கு அனுப்பு."

"அனுப்பக் கூடாது அத்தான். ஆபீஸ் ரூல்."

"அப்படியா" என்றார். போனைத் திருப்பித் தரவில்லை. வண்டியின் சீட்டில் சாய்ந்து, திரை மங்கும்போதெல்லாம் விரலால் ஒருமுறை தொட்டு வெளிச்சமாக்கிக்கொண்டு, பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை.